அம்மாவின் மேசை மாடி இறங்கிய காலை

வீடு வாங்கிய பெருமையை அடக்கமாக வைத்துக்கொண்ட ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்த அபூர்வப் பிறவியாக இருக்க நானும் முயற்சி செய்யவில்லை. கிள்ளானில் என் பெயரில் ஒரு தரை வீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, அலுவலக லிஃப்டில் முன்பின் தெரியாதவர் "எத்தனாவது மாடி?" என்று கேட்டால்கூட, "அடுத்த மாசம் சொந்த வீட்டுக்குப் போறோம்" என்றுதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பிரிக்பீல்ட்ஸில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய பிளாட்டின் நான்காவது மாடியில் நானும் அம்மாவும் பதினாறு வருடங்களாக வாடகைக்கு இருந்தோம். நான் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துபோனார். அம்மா ரவிக்கை தைத்து என்னைப் படிக்க வைத்தார். நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் சேர்ந்து, அறிக்கை எழுதுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, யார் எதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று மிரட்டுவது ஆகிய கலைகளில் தேர்ச்சி பெற்றிருந்தேன். (வீட்டிலும் அதே வேலைதான். குளிர்சாதனப் பெட்டியின் மேல் 'பாலை முடித்தவர் பால் வாங்கவும்' என்று நான் ஒட்டிய அறிக்கையின் கீழ் அம்மாவின் கையெழுத்து இருக்கும்.)

வீடு வாங்கிய செய்தியைக் கேட்டு எல்லாரும் வாழ்த்தினார்கள், கிள்ளானிலேயே இருக்கும் என் அத்தையைத் தவிர. அப்பாவின் தங்கை. கெட்ட மனசு கிடையாது, ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ரெண்டு பொம்பளைங்க தனி வீட்ல என்னா பண்ணுவீங்க? ஒரு பல்பு மாத்தணும்னாகூட ஆள் தேடணும்லா. இப்படியே வாடகைக்கு இருந்துட்டுப் போலாம்."

அந்த பல்பு என் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வீடு மாறும் நாளில் சொந்தக்கார ஆண்கள் ஒருவரையும் கூப்பிடப் போவதில்லை, எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்து, குறித்த நேரத்துக்குள் அத்தை முன்னால் போய் நிற்பேன் என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அவர் துணி வெட்டும் மேசை, எட்டடி நீளம், நாலடி அகலம், கெட்டியான மெராந்தி மரம்.

"அந்த மேசதான் இந்த வீட்ட வாங்குச்சு. அது முதல்ல உள்ள போகட்டும். அப்புறம் பால் காய்ச்சலாம். பத்தரையோட நல்ல நேரம் முடியுது, பார்த்துக்க" என்றார்.

"அதெல்லாம் நான் பார்த்துக்குறேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே அதிகம் கேலி செய்யப்பட்டது இதுதான்.

இங்கே கிரில் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு கீழ் மாடியில் ஒரு வீட்டுச் சமையல் கேஸ் தோம்பை, சிலிண்டரோடு அப்படியே, யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உடனே நான் எங்கள் மாடியின் நான்கு வீட்டுக்காரர்களையும் கூட்டினேன். தலைவர் நான், செயலாளர் நான், பேச்சாளரும் நான். படிக்கட்டு முடியும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை இரும்புக் கம்பி அடைத்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு மட்டும் வைப்பது என்பது என் திட்டம். "இந்த கிரில் வந்துச்சுனா, நம்ம மாடியிலேருந்து ஒரு பெரிய சாமானையும் எவனாலயும் வெளிய கொண்டுபோக முடியாது" என்று முழங்கினேன். கூட்டக் குறிப்பிலும் எழுதினேன். ஐந்தாவது விதியாக, நான்கு வீட்டாரின் கையெழுத்து இல்லாமல் கிரிலில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சேர்த்தேன்.

எதிர்த்துப் பேசியவர் எதிர்வீட்டுக் கோபால் அங்கிள் ஒருவர்தான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிட்டா என்னைய எப்படிம்மா வெளிய எடுத்துட்டுப் போவாங்க?" என்று கேட்டார். நான் அதை, 'கூட்டத்தின் நோக்கத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி' என்று குறிப்பில் பதிந்து, நகலை லேமினேட் செய்து நான்கு வீட்டுக்கும் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே லோரி வந்துவிட்டது. ஓட்டுநர் கணேசன் அண்ணனும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் கட்டில், பீரோ, தையல் இயந்திரங்கள், துணி மூட்டைகள் என்று எட்டரைக்குள் இறக்கிவிட்டார்கள். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கையில் பட்டியலோடு, இறங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக மேசை. கால்களைக் கழற்றிப் பலகையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிரில் அருகே நின்றார்கள். நேராக நிறுத்திப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். கதவுக்குள் நுழைந்த முனை படிக்கட்டுச் சுவரில் இடித்தது. திருப்ப இடமில்லை, கம்பி தடுத்தது.

"இது எப்படி மேடம் மேல வந்துச்சு?" என்று கேட்டார் கணேசன் அண்ணன்.

"அப்ப கிரில் இல்ல."

"யாரு மேடம் இப்படிக் குறுகலா கிரில் போட்டது?"

நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பி நாலை அறுத்தால் போதும், ஐந்து நிமிட வேலை என்றார் கணேசன் அண்ணன். அப்போதுதான் கோபால் அங்கிள் ஒரு கையில் காப்பியும் இன்னொரு கையில் லேமினேட் செய்த தாளுமாக வெளியே வந்தார். இரண்டு வருடமாக இந்த நாளுக்காகவே அதைத் தூசி படாமல் வைத்திருந்தார் போல.

"ரூல் அஞ்சு" என்றார். "நாலு வீட்டுக் கையெழுத்து வேணும். நான் போடுறேன், நீ போடுவ, மூணாவது வீட்டுல எழுப்பிக் கேக்கலாம். கடைசி வீட்டுக்காரங்க ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்களே."

"அவசரம் அங்கிள்."

"அவசரத்துக்கு விதிவிலக்கு இல்லன்னு நீதாம்மா எழுதியிருக்க. இங்க பாரு, கறுப்பு எழுத்துல."

பலகையை இரண்டாக அறுத்துவிடலாமா என்று கணேசன் அண்ணன் மெல்லக் கேட்டார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் ரம்பத்தைத் தானாகவே பைக்குள் வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான். வீடுகளுக்கு முன்னால் திறந்திருக்கும் நடைவாசலின் கைச்சுவருக்கு மேலே தூக்கி, கயிறு கட்டிக் கீழே இறக்குவது. நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு மாடி ஒன்பது அடி, நான்கு மாடி, கைச்சுவர் மூன்றடி, ஆக முப்பத்தொன்பது. தாராளமாக நாற்பது என்று வைத்துக்கொண்டேன். பட்டுப் புடவையோடு கீழே ஓடி, அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்த இரும்புக் கடைக்காரரிடம் கெட்டிக் கயிறு நாற்பது அடி கேட்டேன்.

"அறுபது வாங்கிக்கங்க அக்கா. எதுக்கும் நல்லது."

"வேணாம் அண்ணே. நான் கணக்குப் போட்டுட்டேன்."

(அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையின் பொருளை நான் விசாரித்திருக்க வேண்டும்.)

மேசையைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். மறுமுனையைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி மூவரும் பிடித்துக்கொண்டார்கள். பலகை கைச்சுவரைத் தாண்டி அந்தரத்தில் இறங்கியது. மூன்றாவது மாடி, இரண்டாவது மாடி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை இதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தேன்.

முதல் மாடி வந்ததும் பலகை நின்றுவிட்டது.

"ஏன் அண்ணே நிறுத்திட்டீங்க?"

"நான் நிறுத்தல மேடம். கயிறு முடிஞ்சிருச்சு."

பலகையைச் சுற்றிய கயிறும், முடிச்சுக்குப் போன கயிறும், தூணைச் சுற்றிய கயிறும் என் கணக்கிலேயே இல்லை. லோரிக்கு மேலே, ஓர் ஆள் எம்பினாலும் தொட முடியாத உயரத்தில், அம்மாவின் மேசை காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பசியாறக் கிளம்பிய ஜனமும் கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஜனமும் கீழே கூடிவிட்டன. எல்லார் கையிலும் கைப்பேசி. ஒரு பெரியவர் அண்ணாந்து, "என்னா விசேஷம்மா, மேடை போடுறீங்களா?" என்று விசாரித்தார்.

மணி ஒன்பது இருபது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசை விழுந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அத்தை சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை.

அம்மா பதறவில்லை. எட்டிக் கீழே பார்த்தார்.

"கணேசா, இன்னும் எத்தன அடி வேணும்?"

"பத்து இருந்தா லோரியில உக்காந்துரும்மா."

நான் மறுபடி கடைக்கு ஓடிக் கயிறு வாங்கி வரும்வரை மூவரின் கையும் தாங்காது. எங்கள் துணியெல்லாம் லோரிக்குள் இருந்தது. தொங்கும் மேசைக்கு அடியில் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. அம்மா திரும்பி, நடைவாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவைகளைப் பார்த்தார். கோபால் அங்கிளின் மனைவி சரஸ் ஆன்டியுடையவை. கடையில் துணி வாங்குபவரைப் போல ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது வேணாம் சரஸ், வழுக்கும். இது நைஞ்சிருக்கு. இந்த மெரூன் காட்டனும் பச்சையும் குடு."

"எடுத்துக்கக்கா" என்றார் சரஸ் ஆன்டி.

"ஏம்மா, என் பொண்டாட்டி புடவைக்கு எத்தன வீட்டுக் கையெழுத்து வேணும்?" என்று என்னைக் கேட்டார் கோபால் அங்கிள். கேட்டுவிட்டு, காப்பியைக் கீழே வைத்து, நான்காவது ஆளாகப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

அம்மா இரண்டு புடவைகளையும் சேர்த்து முறுக்கிக் கயிற்றின் முனையில் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி ஒரு முடிச்சுப் போட்டார். "இப்ப விடுங்க, மெதுவா" என்றார். கயிறு தூணைத் தாண்டியது, மெரூனும் பச்சையும் கைச்சுவரைத் தாண்டின, பலகை லோரிக்குள் பூப்போல உட்கார்ந்தது. கீழே கைதட்டினார்கள். நான் கைச்சுவருக்கு மேலே எட்டி எல்லாருக்கும் கையசைத்தேன். (எதற்காக அசைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. காணொளியில் அந்த இடம் மட்டும் மிகத் தெளிவாக இருக்கிறது.)

அம்மா என் காரில் ஏற மறுத்து, மேசையோடு வருகிறேன் என்று லோரியில் ஏறிக்கொண்டார். கூட்டரசு நெடுஞ்சாலையில் நான் பின்னாலேயே போனேன். அவிழ்க்க நேரமில்லாத புடவை, லோரியின் பக்கவாட்டில் கிள்ளான்வரை பறந்துகொண்டே வந்தது. போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்திரண்டு.

வாசலில் அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். இன்னொரு கையில் கைப்பேசி. எங்களுக்கு முன்னால் காணொளி வந்து சேர்ந்துவிட்டது என்று புரிந்தது. என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் குனிந்து நின்றேன். அத்தை எனக்கும் அம்மாவுக்கும் சுற்றினார். பிறகு லோரியிடம் போய், மேசைக்கும் மூன்று சுற்றுச் சுற்றினார். புடவை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணி, இது நீங்க போட்டதா?"

"ஆமா."

"பல்பு மாத்த ஆள் வேணும்னு சொன்னேன்ல" என்றார் என்னிடம். "எங்க வீட்லயும் ஒண்ணு ஃபியூஸ் ஆயிருச்சு. வந்து மாத்திட்டுப் போ."

பத்தரைக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மேசை உள்ளே போனது. பால் பொங்கியது. அம்மா மேசையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இன்னும் நான்கு மேசையை நான் அந்தரத்தில் தொங்கவிடத் தயார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது "நான் பார்த்துக்குறேன்" என்று சொன்னால் போதும், "கயிறு எத்தன அடி?" என்று நாலு பக்கமிருந்தும் கேட்பார்கள். நான் கையசைக்கும் படம் குடும்பக் குழுவில் ஸ்டிக்கராகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கதையை அதிகம் சொல்வது அத்தைதான். ஒவ்வொரு முறையும் மாடி ஏறிக்கொண்டே போகிறது. பூச்சோங்கில் ஒரு காதுகுத்தில் ஏழாவது மாடி என்றார். சென்ற மாதம் ஜெஞ்சாரோமில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணியிடம், "எங்கண்ணன் மக, சொந்தமா வீடு வாங்குனவ, பன்னண்டாவது மாடியிலேருந்து இறக்குனா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நியாயம் கேட்டேன். ரவிக்கை அளவில் கால் அங்குலம் பிசகினாலும் பிரித்துத் தைக்கிறவர் அவர்.

"நீங்களே சொல்லுங்கம்மா. எத்தனாவது மாடி?"

அம்மா ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே சொன்னார்.

"பதிமூணு. உங்கத்த கீழ்த்தளத்த எண்ண மறந்துட்டா."