இரண்டாயிரம் வருடத்துப் போர்வைக்கு மஞ்சள் வைத்தவள்

என்னைப் போன்ற ஒரு கோழை ஜெர்மனியின் இந்த டோர்ட்மண்ட் நகரத்தில் வேறு இல்லை. பத்து வருடம் கழித்தும், அந்த நாளை நினைத்தால் என் கன்னத்தில் நானே இரண்டு அறைய வேண்டும்போல் கோபம் வருகிறது.

அப்போது ஒரு அருங்காட்சியகத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் தையல் வேலை. சதுப்பு நிலத்தில் தோண்டியெடுத்த, இரண்டாயிரம் வருடப் பழைய ஜெர்மானியக் கம்பளிப் போர்வை ஒன்றை இழை எண்ணிப் பார்த்து, அதேபோல் புதிதாகச் செய்தார்கள். என் மேலதிகாரி, உல்ரிக்க என்ற ஜெர்மன் பெண்மணி, ஒரு வருடமாகக் கையால் நூற்று, கையால் நெய்தார். (சாயமே இல்லை. ஆட்டின் நிறம்தான் போர்வையின் நிறம்.) ஓரக் குஞ்சம் முடிவது மட்டும் என் பங்கு. காட்சி நல்லபடி திறந்தால் வேலை நிரந்தரம் என்றார்.

குஞ்சம் முடிய வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிறு மத்தியானம் கடைசி முடிச்சைப் போட்டதும், என் கை என்னைக் கேளாமல் மஞ்சளைக் குழைத்து மூலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டது. புது உடுப்பென்றால் எங்கள் வீட்டில் அப்படித்தான். பதறிப்போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் இரத்தச் சிவப்பானது. (சுண்ணாம்பு பட்டாலும் சவர்க்காரம் பட்டாலும் மஞ்சள் சிவக்கும் என்று தெரிந்த மூளை அன்று எங்கே மேயப் போனதோ.)

திங்கட்கிழமை உல்ரிக்க கறையைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். நான் வாய் கூசாமல், வீட்டில் என்னோடு இருந்த என் அக்கா என்றேன். அக்காவுக்கு டொச் (ஜெர்மன் மொழி) தெரியாது, பேசிப் பயனில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். வெட்கம் கெட்டவள்.

கறை பட்ட மூலையை உள்ளே மடித்து வைத்து, காட்சியைத் திறந்தார்கள். நான் கூப்பிடாமலே அக்கா பட்டுச்சேலையில் வந்து நின்றார். சேலையைக் கண்டதுமே அவர்தான் என் அக்கா என்று ஊகித்து, உல்ரிக்க நேரே அவரிடம் போனார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கையை ஆட்டி, தன் ஒரு வருட உழைப்பு போனதைச் சொல்லிக் கொட்டித் தீர்த்தார். முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்த அக்காவுக்கு எல்லாம் விளங்கியது. என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு சுத்தமான டொச்சில், தான்தான் மஞ்சள் வைத்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு வேலை வேணும், அதுக்காகச் சொன்னனான். ஆனா எனக்கு டொச் தெரியாதெண்டு சொன்னாய் பார், அதை மன்னிக்க ஏலாது."

வேலை நிரந்தரமானது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் கோப்பை உடைந்தாலும் கறி கரிந்தாலும் என் பிள்ளைகள், "பெரியம்மாதான் செய்தவ" என்கிறார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உல்ரிக்க இப்போதும் என் பக்கத்து மேசையில்தான் இருக்கிறார். உண்மையைச் சொல்ல நான் இன்னும் அவரிடம் நேரம் கேட்டு ஒரு டேர்மின் எடுக்கவில்லை.