கொலுவில் நின்ற மோர் ரயில்

குடிகாரனைக் கட்டிக்கொண்டவளுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் புட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டவர் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் ஒரு ரயில் நிறைய பீரை அம்பாள் முன்னால் நானே கொண்டுபோய் வைத்தேன். வைத்தது போதாதென்று ஆரத்தியும் காட்டினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை கொதிக்கிறது.

நான் கன்னட தேசத்து எல்லையோரம், ஹனூர்ப் பக்கத்துக்காரி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். கன்னடத்தில் பஸ் போர்டு வரைக்கும் போவேன். இங்கிலீஷ் எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி. எங்கப்பா சாராயக்கடை வாசலில் விழுந்து கிடந்தால், பள்ளிக்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தூக்கி வந்தவள் நான். அப்புறம் அந்தப் பையை எடுக்கவே முடியாமல் போயிற்று. அதனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கே இவரிடம் கேட்டேன். "குடிப்பீங்களா?" தலையைக் குனிந்துகொண்டு, "மோரு குடிப்பேனுங்க" என்றார். சரி, இவர்தான் என்று முடிவு பண்ணினேன். (அந்த மோரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இவர் மைசூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ஆயுசு முழுக்க நிஜ வண்டிக்கு எண்ணெய் போட்டவர், ரிடையர் ஆனதும் பொம்மை வண்டி வாங்க ஆரம்பித்தார். அதிலும் எல்லா வண்டியும் வேண்டாமாம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு ஓடிய சாமான் வண்டிகள் மட்டும்தான் வேண்டுமாம். கைக்கு அடக்கமாக இருக்கும். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பக்கவாட்டில் படமும் எழுத்தும் போட்டு, கூரையில் ஐஸ் கொட்ட நகத்தளவு மூடி வைத்து, மூடியைத் திறந்து மூடலாம். பார்சல் வந்தால் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் செந்தில் பிறந்தபோதுகூட அப்படி ஒரு முகம் நான் பார்க்கவில்லை.

"என்னுங்க எழுதியிருக்குது?" என்று முதல் வண்டி வந்தபோதே கேட்டேன்.

"பாலு, தயிரு ஏத்தற வண்டி அம்மிணி. கெட்டுப் போகாம இருக்க ஐஸு."

ஒரு வண்டியில் ஆடு இருந்தது. ஆட்டுப்பால் என்றார். ஒன்றில் கிரீடம் வைத்த குண்டு ராஜா, நுரை வழிகிற குவளையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "அந்த ஊரு ராசா மோர் குடிக்கறாரு." ராஜாவுக்கு மோர் குடித்தால் மூக்கு அப்படிச் சிவக்குமா என்று நான் கேட்கவில்லை. குளிர் தேசம், சிவக்கும் என்று நினைத்தேன். நான் ஒரு மண்டு.

அப்போது எங்கள் தெரு முனையில் பூட்டிக் கிடந்த கட்டிடத்துக்கு வெள்ளையடித்தார்கள். என்ன கடை என்று விசாரித்தால், ஒயின் ஷாப். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு எங்கப்பா ஞாபகம். வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டினேன். தசரா முடிந்ததும் கலால் ஆபீசர் இடத்தைப் பார்க்க வருகிறாராம். அன்றைக்கு எல்லோருமாகக் கடைவாசலில் நிற்பது என்று பேச்சு. தலைமை யார்? நான்தான்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மூளை கொஞ்சம் அதிகமாக வேலை செய்தது. கடைக்காரர் பெண்டாட்டி புஷ்பலதாவைக் கொலுவுக்குக் கூப்பிட்டு, எல்லாப் பெண்களுக்கும் நடுவில் உட்காரவைத்து, குங்குமத்தைக் கையில் கொடுத்து, "இந்தத் தெருவில் கடை வேண்டாம் என்று அம்பாள் மேல் சத்தியம் பண்ணு" என்று கேட்டால்? மறுக்க முடியுமா? பொறி வைத்துவிட்டேன் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கொலு கிடையாது. மைசூர் வந்து குவார்ட்டர்ஸில் பார்த்துக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டவள் வைக்கும் கொலு எப்போதும் ஒரு பிடி அதிகமாகத்தான் இருக்கும். அந்த வருஷம் மேல்படியில் நிற்கும் ராஜா ராணி மரப்பொம்மைகளுக்குக் கீழே, பொம்மைப் பூங்கா போட்டு, அதைச் சுற்றி ரயில் விட ஆசைப்பட்டேன்.

"வேண்டாம் அம்மிணி" என்றார் இவர். முகம் வெளுத்துவிட்டது. "சாம்பிராணிப் புகை பட்டா பெயிண்ட் போயிரும்."

அம்பாளுக்கே கொடுக்க மனசில்லாத கஞ்சத்தனம் என்று எனக்குக் கோபம். இவரைத் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பூ வாங்க அனுப்பிவிட்டு, கண்ணாடி அலமாரியைத் திறந்து அத்தனை வண்டியையும் எடுத்துத் தண்டவாளத்தில் வரிசையாகக் கோர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன். ஆட்டுக்கும் வைத்தேன்.

பெண்கள் வந்தார்கள். கூடம் நிறைந்தது. பக்கத்து வீட்டு ருக்மிணி டீச்சரம்மா ரயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுண்டலைப் பார்த்தார். சுண்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பட்டுப்புடவை சரசரக்கப் புஷ்பலதாவும் வந்து உட்கார்ந்தாள். குங்குமத்தைக் கொடுத்து ஆரம்பித்தேன். குடி எத்தனை குடும்பத்தைக் கெடுத்தது என்பதில் தொடங்கி எங்கப்பா வரைக்கும் வந்தேன். நன்றாகத்தான் பேசினேன். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

புஷ்பலதா தலையாட்டிக்கொண்டே ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இந்த ரயில் யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடதும்மா. பால் வண்டி. இது ஆட்டுப்பால்."

"ஹௌதா, அப்படியா?" என்று குனிந்தாள். ஒவ்வொரு வண்டியாக விரல் வைத்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தாள். "இது பீர். இதுவும் பீர். இது லாகர் பீர். ஆடு போட்டது ஸ்ட்ராங் பீர்." நிமிர்ந்தாள். "நம்ம கடையில்கூட இத்தனை வெரைட்டி வராது ஆன்ட்டி."

"படிச்ச திமிரில் பொய் சொல்லாதே!" என்று கத்தினேன். "டீச்சரம்மா, நீங்க வாசிச்சுச் சொல்லுங்க!"

"எழுத்து ரொம்பப் பொடி. கண்ணாடி எடுத்துண்டு வரலையே" என்றார் டீச்சரம்மா. கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

சரியாக அந்த நேரத்துக்கு, பூக்கூடையோடு இவர் உள்ளே வந்தார்.

"என்னுங்க, இதில் என்ன எழுதியிருக்குது? அம்பாளைப் பார்த்துச் சொல்லுங்க."

இவர் அம்பாளைப் பார்க்கவில்லை. ராஜா ராணியைப் பார்த்தார்.

"அது ஐஸ் வண்டிதான் அம்மிணி."

"ஐஸோட என்ன போச்சு?"

"...பீரு." அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஆனா ரொம்பப் பழைய பீரு அம்மிணி. அந்தக் கம்பெனியெல்லாம் எப்பவோ மூடியாச்சு." பழசானால் பீர் புண்ணிய தீர்த்தம் ஆகிவிடுமோ! அதுவும் போதாமல் ஒரு வண்டியை எடுத்து நகத்தளவு மூடியைத் திறந்து காட்டினார். "பாரு, காலி."

"காலின்னா குடிச்சாச்சுன்னு அர்த்தம்!" என்றேன்.

கூடமே வெடித்துச் சிரித்தது. கண்ணைத் துடைத்தாளே ஒருத்தி, அவள்தான் அதிகம் சிரித்தாள். புஷ்பலதா போனில் படம் பிடித்துக்கொண்டு, தாம்பூலத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, "நம்ம கடைக்கு முதல் பூஜை உங்க வீட்டிலேயே ஆயிடுச்சு ஆன்ட்டி" என்று எழுந்து போனாள்.

செந்திலுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உனக்குத் தெரியுமாடா?" "அப்பா சொல்ல வேண்டாம்னாரும்மா" என்றான். மருமகளுக்கும் தெரியும். தபால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். என் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவள் நான் ஒருத்திதான். பீரைவிட அதுதான் எனக்கு எரிந்தது.

அந்த ரயிலை அப்படியே சாக்கடையில் கொட்டியிருப்பேன். முடியவில்லை. கொலுவில் வைத்ததை விஜயதசமி வரை எடுக்கக் கூடாது. ஆக, தினமும் சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு பீருக்கு ஆரத்தி காட்டினேன். இவரைக் கீழே உட்காரவைத்து, எனக்குப் படிக்கத் தெரிகிற தமிழில், கொட்டை எழுத்தில், 'பால்', 'தயிர்', 'மோர்' என்று காகிதத்தில் எழுதச் சொல்லி, ஒவ்வொரு வண்டியிலும் சோற்றுப் பருக்கையால் ஒட்டவைத்தேன். "பெயிண்ட் போயிரும் அம்மிணி" என்று கண் கலங்கினார். "என் மானம் போனப்போ எங்கே இருந்தீங்க?" என்றேன். ராஜா குவளையின் மேல் மட்டும் 'மோர்' கொஞ்சம் கோணலாக ஒட்டியது. பருக்கை வழுக்கியதாம்.

படம் எல்லோர் போனுக்கும் போய்விட்டது. பீர் ரயில் பார்க்கக் கூட்டம் வந்ததே, பாருங்கள்! நான் கூப்பிட்டபோது கதவைத் திறக்காதவர்கள், நான்கு தெரு தள்ளி இருப்பவர்கள், எல்லோரும் வந்தார்கள். வந்தவர்களை நான் சும்மா விடவில்லை. ரயில் பக்கத்தில் நின்று, சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டு, தின்று முடிக்கும்வரை எங்கப்பா கதையைச் சொன்னேன். வாய் நிறையச் சுண்டல் இருந்ததால் யாராலும் குறுக்கே பேச முடியவில்லை.

ஆபீசர் வந்த அன்றைக்குக் கடைவாசலில் தெரு கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் பீர் ரயில் அம்மா என்ன பேசுவாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கடைக்காரர் போனை நீட்டினார். ஆபீசர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இது உங்க வீடாம்மா?"

"என் வீடுதான் சார். நான் காவல் இருக்கும்போதே குடி, பால் என்று பேர் சொல்லிக்கொண்டு, பொம்மை வேஷத்தில் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. கடை என்றே விளக்குப் போட்டு முனையில் உட்கார்ந்தால் யார் வீட்டுக்குள் வராது, சொல்லுங்க!"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. புஷ்பலதாகூட. ஆபீசர் 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் கடை வரவில்லை. ரிங் ரோடு பக்கம் போய்விட்டது. முனையில் இப்போது பேக்கரி இருக்கிறது. தேங்காய் பன் நன்றாக இருக்கும்.

ஜெயித்தது நான்தான். ஆனால் வீட்டில் எவன் அதைச் சொல்கிறான்? எங்கள் பெண்ணைக் கட்டின மாப்பிள்ளை சிநேகிதர்களோடு வெளியே கிளம்பினால், "அத்தை, கொஞ்சம் மோர் குடிச்சிட்டு வந்துடறேன்" என்கிறார். கல்யாண வீட்டில் எவனாவது ஆடிக்கொண்டு வந்தால், "மோர் ஜாஸ்தியாயிடுச்சு" என்று என் காதுபடச் சொல்கிறார்கள். நான் முறைப்பதற்காகவே சொல்கிறார்கள். முறைக்கிறேன்.

வண்டிகளில் ஒட்டிய காகிதத்தை எடுக்க இன்னும் நான் அனுமதி கொடுக்கவில்லை. பார்சல்களும் நின்றபாடில்லை. ஆனால் டீச்சரம்மாவை உட்காரவைத்து (கண்ணாடியோடுதான்) பீர் என்கிற அந்த நாலு எழுத்தை மட்டும் நான் கற்றுக்கொண்டுவிட்டேன். இங்கிலீஷில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். போன வாரம் புதிதாக ஒரு வண்டி வந்தது. நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அலமாரிக்குப் போவதற்குள், இவர் காகிதம் வெட்டி, 'மோர்' என்று எழுதி, ஒட்டி முடித்து, பருக்கை காய ஊதிக்கொண்டிருந்தார்.