ஸ்டாம்ப் தன்மேலேயே குத்திக்கொள்ளுமா?

அன்புள்ள மாமாவுக்கு,

எந்த வாக்கியத்துக்கு அர்த்தம் உண்டு, எதற்கு இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடும் விதி நம் வீட்டுக்கு வந்துவிட்டது மாமா, வந்த வேகத்தில் அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விட்டான்!

நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உங்கள் சோபாவில் படுத்திருப்பான்.

யூடியூபில் ஒரு தத்துவ சேனல். "சோதிக்க முடியாத வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லை" என்றார் அதை நடத்துகிற ஆள். எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் வேலை பார்ப்பது ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடை இல்லையா, வெள்ளைத்தாளில் குத்திச் சோதிக்காமல் ஒரு ஸ்டாம்பும் வெளியே போகாது. எங்களுக்காகவே சொன்ன தத்துவம்! அந்த வரியையே ஸ்டாம்பாகச் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "இந்த வீட்டில் எனக்கு மரியாதையே இல்லை" என்று அம்மா ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளில் ஒரு குத்து. அண்ணன் என் ஹெட்ஃபோனை மிதிச்சு உடைச்சிட்டு, "சாரிடி, மனசார வருத்தப்படறேன்"னு சீட்டு எழுதி வெச்சிருந்தான். மனசை எப்படி மாமா சோதிக்கிறது? அதுமேலயும் குத்திட்டேன்.

"அப்போ நான் பேசறதுக்கு அர்த்தமே இல்ல, அப்படித்தானே?"ன்னு பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான்.

அம்மா ஸ்டாம்பைத் திருப்பிப் பாத்தாங்க. "இதுல இருக்கறதை எப்படிடி சோதிச்ச?"

"தாள்ல குத்தித்தான்."

"எழுத்து விழுந்துச்சான்னா கேட்டேன்? சொல்றது நிஜமான்னு கேட்டேன்."

அவ்ளோதான், தலை சுத்திடுச்சு. சோதிக்க வழியில்லைன்னா, விதிப்படி விதிக்கே அர்த்தமில்ல. அர்த்தமில்லாத விதி பேச்சைக் கேட்டு அதுக்கு அர்த்தமில்லைன்னு நான் ஏன் சொல்லணும்? சொல்லலைன்னா அர்த்தம் திரும்பி வந்துடுது, வந்தா மறுபடி போயிடுது! சரி, ஸ்டாம்பை அதுமேலேயே குத்திடலாம்னு வளைச்சு நெளிச்சுப் பாத்தேன், மூக்குல மை ஆனதுதான் மிச்சம். சேனல்காரர்கிட்ட கமெண்ட்ல கேட்டேன். ஒரு இதயம் போட்டுட்டுப் போயிட்டார். அதுக்கு என்ன அர்த்தம் மாமா?

பாத்ரூம்ல அண்ணன் கத்திப் பாடாம வீடே காது அடைச்ச மாதிரி இருக்கு. ஸ்டாம்பைக் குப்பையில போட்டுட்டேன். இனி எந்த விதியும் வேண்டாம், அவனை வரச் சொல்லுங்க.

அத்தைக்கு என் அன்பு. சோதிக்க முடியாது, இருந்தாலும் வாங்கிக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மை காயாத மூக்கோடு, உங்கள் மருமகள்

பி.கு.: குப்பையிலேர்ந்து எடுத்துட்டேன் மாமா, பின்பக்கம் புது விதி செதுக்கணும். நானே கண்டுபிடிச்சது: "யாராவது பதில் சொன்னாத்தான் வாக்கியத்துக்கு அர்த்தம்." இதுக்கும் யாரும் பதில் சொல்லலைன்னா இதுவும் போச்சு. இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, எல்லாரும் பதில் சொல்லுங்க. அண்ணன் திட்டினாக்கூடப் போதும்.