சேம்பருக்குள் வைத்த பொட்டு

ஃபேன் சுற்றவில்லை என்றாலும், மிக்ஸி மக்கர் செய்தாலும், "அப்பா உள்ள பொட்டு வச்சிருப்பாரு" என்று நீங்கள் மூன்று பேரும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பாதிக் கதையைத் தெரிந்துகொண்டு சிரிப்பது அநியாயம். அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள். (உங்கள் அம்மாவைக் கேட்க வேண்டாம். அவள் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.)

அப்போது பெரம்பலூரில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கடை வைத்து இரண்டு வருடம். ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏற்றும் முன் குழாயில் இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். வேக்குவம் போடுவது என்போம். பத்தாவதோடு நின்றவன் நான். ஆனாலும் ஜில்லாவிலேயே வேக்குவம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்குத் தீனி போடுவதுபோல் ஒரு காலேஜிலிருந்து ஃபோன். வேக்குவம் பம்ப் இழுக்கவில்லையாம்.

போனால், எவர்சில்வர் அண்டாவுக்கு நாலு பக்கமும் குழாய் வைத்ததுபோல ஒரு சேம்பர். அதில் மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது தமிழரசி என்ற உடையார்பாளையத்துப் பெண். பம்பைப் பிரித்து, ஆயில் மாற்றி, ஓட வைத்தேன். அப்புறம் வாய் சும்மா இருக்குமா? இது என்ன செய்யும் என்று கேட்டேன்.

ஏற்கெனவே ஒரு எலக்ட்ரானைப் பறிகொடுத்த அணுக்கள் ஒரு பக்கமிருந்து வருமாம். குறுக்கே எலக்ட்ரான்களைப் பாய்ச்சி அடித்தால், சில அணுக்கள் இன்னொன்றையும் இழக்குமாம். அப்படி இழந்தவற்றை மட்டும் காந்தம் ஒதுக்கிவிட, ஒரு கருவி எண்ணுமாம். பறிகொடுத்தவனையே மறுபடி அடிக்கிறார்களே என்று எனக்கு அப்போதே கோபம். அதைவிடக் கோபம், பாதி நேரம் எலக்ட்ரானை நிறுத்திவிட்டு வெறுமனே எண்ணுகிறார்கள் என்று கேட்டபோது. அடிக்காமல் எதை எண்ணுவது?

"அரியலூர்ல கல்லு லாரிக்கு எப்படிண்ணே எடை போடுறாங்க?" என்று கேட்டது அந்தப் பெண். "லோடோட ஒரு தடவ, காலி லாரியா ஒரு தடவ. கழிச்சாத்தான கல்லு எவ்வளவுன்னு தெரியும்?"

சேம்பருக்குள் மிச்சக் காற்று இருந்தால் அதில் மோதியும் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும். அந்த எண்ணிக்கைதான் காலி லாரி. காற்று குறையக் குறைய லாரியின் எடையும் குறையும். எனக்கே புரிந்துவிட்டது. அதுதான் ஆபத்து.

ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் மூடியை மாட்டி போல்ட் முடுக்க என்னையே கூப்பிட்டார்கள். லீவு முழுக்க பம்ப் ஓடினால் காற்று போய்விடும். அது முடிந்ததும் ஒரு நாள் அளவெடுப்பு. மறுநாள் ஆராய்ச்சியைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். கணக்கு வரவில்லை என்றால் தமிழரசிக்கு இன்னொரு வருடம். வீட்டில் கல்யாணத்துக்கு நெருக்குகிறார்கள், இனி ஒரு வருடம் விடமாட்டார்கள் என்று சொன்னது. கையுறை போடாமல் உள்ளே எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஏதோ பேப்பர் எடுக்க ஆபீசுக்குப் போனது.

நான் தனியாக நின்றேன். என் கடையில் ஸ்பானருக்குக்கூடப் பொட்டு வைத்தாகிவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கையே தொங்குகிற இயந்திரம் மொட்டையாக நிற்கிறது. தமிழரசிக்கு வழிகாட்டும் புரொபசர் சார் நெற்றியில் ஒன்றுமில்லாத மனிதர். பகுத்தறிவுக்காரர் என்று நானே முடிவு செய்திருந்தேன். வெளியே வைத்தால் திட்டுவார். அதனால் யார் கண்ணிலும் படாமல் மூடியின் உட்பக்கம் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், பன்னீர் தொட்டுக் குழைத்து வைத்தேன். (கையுறை போட்டுக்கொண்டுதான் வைத்தேன். இதை இன்றுவரை ஒருவரும் பாராட்டவில்லை.)

லீவு முடிந்து போனால், பம்ப் ஓடுகிறது, உள்ளே மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் மீட்டர் இறங்கவில்லை. எலக்ட்ரான் பாய்ந்தாலும் நின்றாலும் கருவி கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டியது. கழித்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. நான் சும்மா இருந்தேனா? ரப்பர் வளையம் மட்டம் என்றேன். கரண்ட் சரியில்லை என்றேன். எனக்கு முன்னால் பம்பைத் தொட்ட மெக்கானிக்கின் பரம்பரையையே இழுத்தேன். கடைசியில் ஒரு யோசனையும் சொன்னேன்: எலக்ட்ரான் பாயும்போது வந்த எண்ணை மட்டும் குழுவிடம் காட்டினால் என்ன? நன்றாகப் பெரிதாகத்தானே இருக்கிறது?

தமிழரசி என்னை ஒரு பார்வை பார்த்தது. "லாரியயும் சேத்து கல்லுன்னு விக்கச் சொல்றீங்களாண்ணே?"

மூடியைத் திறந்தார்கள். புரொபசர் குனிந்து பார்த்தார். சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் பாதி உதிர்ந்து கிடந்தது.

"அண்ணே, இது என்ன?" என்று கேட்டது தமிழரசி.

"ஆயுத பூஜைங்க."

சந்தனத்திலிருந்த ஈரமும் பிசுக்கும் அத்தனை நாளும் உள்ளே ஆவியைக் கக்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. காலி லாரியில் நானே கல்லேற்றி வைத்திருக்கிறேன்.

புரொபசர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வெளில வச்சிருந்தா நானே தொட்டுக் கும்பிட்டிருப்பேனேப்பா" என்றார். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு மனுஷன் சாமி கும்பிடுகிறவன் என்பதை நெற்றியில் காட்டாமல் அடுத்தவனை இப்படிக் குழியில் தள்ளலாமா?

துடைத்து, சூடேற்றி, மறுபடி காற்றை இழுக்க ஒரு வாரம் என்றார்கள். குழு மறுநாளே வந்துவிட்டது. தமிழரசி சமமாக வந்த அந்த இரண்டு எண்களையும் அப்படியே காட்டி, காரணத்தையும் சொன்னதாம். எலக்ட்ரான் பாயும்போது வந்த எண்ணை மட்டும் காட்டி ஏமாற்றாததற்காகவே மூன்று மாதம் தவணை கொடுத்தார்களாம். அதற்குள் முடித்துவிட்டது. கல்யாணம் அதற்கப்புறம்தான், நாம் எல்லோரும் போய்ச் சாப்பிட்டு வந்தோமே, அதுதான்.

புத்தகமாகக் கட்டிய ஆராய்ச்சியை எனக்குக் காட்டியது. பின்பக்கத்தில், ஒதுக்கிய அளவுகள் என்று ஒரு பட்டியல். அந்த நாளுக்கு எதிரே காரணம்: உள்ளே சந்தனம். என் பெயர் இல்லை, சரி. குங்குமத்தை ஏன் விட்டார்கள்?

போன ஆயுத பூஜைக்கு நம் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றேன். "வெளிலதாங்க" என்றாள் உங்கள் அம்மா. சின்னவள் சந்தனக் கிண்ணத்தோடு ஒரு ஜோடி கையுறையையும் நீட்டினாள். வாங்கி மாட்டிக்கொண்டேன். அதற்கும் சிரித்தீர்கள்.