மிளகு நட்டால் பயறு முளைக்கும்

எனக்குச் செடி கொடி பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. ஆனால் இந்த விஷயம் ஊருக்குத் தெரியவந்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

எழுபதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ் ஆட்கள் நடத்திவந்த ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. ஏ.இ.ஓ. (பள்ளிகளைச் சோதிக்க வரும் கல்வி அதிகாரி, எங்களுக்கு எமனுக்கு அடுத்த பதவி) வந்து நல்லபடியாக எழுதினால்தான் நிரந்தரம். அவர் வெள்ளிக்கிழமை வருகிறார் என்று முந்தின வாரமே ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அந்த வாரப் பாடம், விதை முளைத்தல்.

உலகத்தில் உள்ள அத்தனை டீச்சர்களும் இந்தப் பாடத்துக்குப் பயறு போடுவார்கள். நானும் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு இருபத்திரண்டு வயது. தலைக்கனம் தலையை விடப் பெரிது. "பயறு யார் வேணா போடுவாங்க. நாம நம்ம ஊர்ச் சரக்கை நடுவோம்" என்று குழந்தைகளிடம் அறிவித்தேன். முக்கால்வாசிப் பேரின் அப்பாக்களுக்குக் கொச்சங்காடி பாண்டிகசாலைகளில்தான் (சரக்குக் கிடங்குகள்) சுமை இறக்கும் வேலை. திங்கட்கிழமை காலையில் மிளகு, ஏலக்காய், ஜாதிக்காய், மஞ்சள் எல்லாம் வந்து குவிந்தன. சுக்கு கொண்டுவந்த குழந்தையைக்கூட நான் பாராட்டினேன். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு மிளகு என்பது சாக்கில் விளைகிற பொருள்.

என் பங்குக்கு நானும் அப்பாவிடம் மிளகு வாங்கிப் போயிருந்தேன். அவர் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளை. மோந்து பார்த்தே எந்த மலைச் சரக்கு என்று சொல்லிவிடுவார்.

இருபத்தாறு தேங்காய்ச் சிரட்டைகளில் மண் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, ஜன்னலோரம் வரிசையாக வைத்தோம். செவ்வாய்க்கிழமை ஒன்றும் இல்லை. புதன்கிழமையும் இல்லை. வகுப்பில் வாய்ப்பாடு நடக்கும்போது என் கண் ஜன்னலில் இருந்தது. குழந்தைகள் சாப்பிடப் போனதும் ஒரு சிரட்டையைத் தோண்டிப் பார்த்தேன். மிளகு போட்டது போட்டபடி இருந்தது. குழந்தைகள் திரும்புவதற்குள் மண்ணை மூடி வைத்தேன்.

"டீச்சரே, என்டெ மிளகு உறங்குதா?" என்று கேட்டாள் மல்லிகா. முன் வரிசைக்காரி, கேள்வி கேட்கவே பிறந்தவள்.

"எந்திரிக்கும் மோளே."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமைக்குள்ளே." (ஏதோ ரயில் வருகிற நேரம் சொல்வதுபோல.)

அன்று சாயங்காலம் அப்பாவைப் பிடித்தேன். "அப்பா, மிளகு எத்தனை நாள்ல முளைக்கும்?"

அவர் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "முளைச்ச சரக்கு வந்தா நாங்க எடுக்க மாட்டமே."

"ஐயோ அப்பா! முளைக்குமா முளைக்காதா?"

"நல்லாக் காய வச்சதாச்சே. முளைக்காதுன்னுதான் தோணுது."

"இதைத் திங்கக்கிழமை சொல்லக் கூடாதா?"

"நீ ஒண்ணாந்தரம் வேணும்னு கேட்டே, தந்தேன். முளைக்கணும்னு கேக்கலியே!"

எனக்கு வந்த கோபத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பயறை ஊறப்போட்டேன். வியாழன் சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு பயறிலும் ஒரு குட்டி வெள்ளை வால். பள்ளி விட்டதும் தனியாக உட்கார்ந்து, இருபத்தாறு சிரட்டையிலும் சரக்கை மாற்றினேன். வால் அழகாக மேலே தெரியும்படி நிறுத்தி வைத்தேன். ஒரு காகம் கத்தினால்கூட ஹெட்மாஸ்டர் வருகிறார் என்று திடுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் "முளைச்சு! முளைச்சு!" என்று வகுப்பே குதித்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. குதித்து முடிப்பதற்குள் ஹெட்மாஸ்டரோடு ஏ.இ.ஓ. வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சத்தமே இல்லாத செருப்பு. நேராக ஜன்னலுக்குப் போய் மல்லிகாவின் சிரட்டையை எடுத்தார்.

"இது என்ன மோளே?"

"என்டெ நல்லமிளகு, ஸாரே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது பயறாச்சே?"

ஹெட்மாஸ்டர் மல்லிகாவை முறைத்தார். "ஏய், அதிகாரிகிட்டப் பொய் சொல்றியா? பயறுதானே போட்டே?"

"இல்ல ஸாரே, மிளகு. அச்சன் சாக்கிலேருந்து எடுத்துத் தந்தது." உதடு பிதுங்கியது. என்னைப் பார்த்தாள். "டீச்சர் கண்டதல்லே? சொல்லுங்க டீச்சரே."

நான் சும்மா நின்றால் போதும். குழந்தை ஏதோ உளறுகிறது என்று விட்டுவிடுவார்கள், வேலை நிரந்தரமாகிவிடும். ஒரு நொடி அப்படித்தான் நின்றேன். அந்த ஒரு நொடிக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. அதற்குள் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது.

"ஸார், அவ மிளகுதான் போட்டா. பயறு நான் மாத்தி வச்சது."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் நானும் ஒரு சிரட்டைக்குள் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஏ.இ.ஓ. மட்டும் சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சரி டீச்சரே. தலைகீழா எதுக்கு வச்சீங்க? இது வேராச்சே!"

மனிதர் மலைநாட்டில் மிளகுத் தோட்டத்தில் பிறந்தவராம். மிளகைக் கொடி வெட்டித்தான் நடுவார்கள் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். இருபத்தாறு குழந்தைகளோடு சேர்ந்து நானும் கை கட்டிக் கேட்டேன். பிறகு பதிவேட்டில் எழுதினார்: "மாணவி உண்மை பேசுகிறாள். ஆசிரியையும், சற்றுத் தாமதமாக." நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

அடுத்த திங்கட்கிழமை எல்லோரும் ஒழுங்காகப் பயறே போட்டோம். மல்லிகா என் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சரே, வால் கீழே" என்று ஞாபகப்படுத்தினாள்.

வீட்டில் இதை இன்னும் விடவில்லை. நான் எதையாவது கொஞ்சம் நேர்த்தியாகச் செய்துவிட்டால் போதும், "இது நெசமா, இல்லே ஏ.இ.ஓ. வர்றாரா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். என் கல்யாணத்தன்று பட்டுப்புடவை கட்டி, நகையெல்லாம் போட்டு, அப்பா காலில் விழுந்து எழுந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் சொன்னார்: "ஒண்ணாந்தரம்தான் மோனே. முளைக்குமான்னு மட்டும் என்னைக் கேக்காதே."