டிஸ்ப்ளே கார்டும் என் வீராப்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் திருடன் இல்லை. ஒரே வீட்டுக்குள் ஒரு பொருள் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போனால் அதற்குப் பெயர் இடமாற்றம்.

பொருள், என் மனைவியின் கம்ப்யூட்டரில் இருந்த, படங்களை வேகமாகக் காட்டும் டிஸ்ப்ளே கார்டு. அவள் வீட்டிலிருந்தே ஒரு ஸ்டுடியோவுக்குப் போட்டோ ஆல்பம் தயாரிக்கிறாள். நான் கார் ரேஸ் விளையாடுகிறேன். என் மெஷினில் ரேஸ் கார் தள்ளுவண்டியாகத்தான் நகரும். மனுஷன் எத்தனை நாள் பொறுப்பான்? ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்டுடியோவுக்குப் போன நேரம் பார்த்து, ஸ்க்ரூட்ரைவரும் கையுமாகக் கார்டைக் கழற்றி என் மெஷினில் மாட்டிக் காரியத்தை முடித்தேன். மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் காலையே கூப்பிட்டாள்.

“என்னங்க, ஒரு படம் திறக்கறதுக்குள்ள காபி ஆறிப் போகுது. சாயந்திரம் ஆல்பத்தைக் குடுத்தாகணும். விட்டா இந்த வேலையே வேற ஆளுக்குப் போயிடும்.”

“மெஷினுக்கு வயசாயிடுச்சு.”

“முந்தாநாள் நல்லாத்தானே ஓடுச்சு?”

“வயசு என்ன சொல்லிட்டா வரும்?”

“உள்ள என்ன கார்டு இருக்குன்னு பார்க்க முடியாதா?”

பேசாமல் குளிக்கப் போயிருக்கலாம். ஆனால் இரண்டு மெஷினிலும் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டவன் நான். கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு பாடமே எடுத்துவிட்டேன்.

“பெட்டியைத் தொடவே வேணாம். எல், எஸ், பி, சி, ஐ. என்டர். உள்ள இருக்கறதெல்லாம் வரிசையா வரும். வீஜிஏன்னு ஒரு வரி இருக்கு பாரு, அதான் டிஸ்ப்ளே. மதர்போர்டோட சேர்ந்து வந்தது. தனிக் கார்டு கிடையாது. எப்பவுமே இருந்ததில்லை!”

“எந்த மெஷின்ல அடிச்சாலும் சொல்லுமா?”

“மனுஷன் பொய் சொல்லுவான். இது சொல்லாது!”

அவள் அந்த ஐந்து எழுத்தையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். எவ்வளவு அடக்கம் என்று மெச்சிக்கொண்டே ஆபீஸ் போனேன்.

மாலையில் வந்து ரேஸைத் திறந்தால் பழைய தள்ளுவண்டி! அதே ஐந்து எழுத்தைத் தட்டினேன். ஒரே ஒரு வீஜிஏ. போர்டோடு சேர்ந்து வந்தது.

பக்கத்து அறையில் படங்கள் படபடவென்று திறந்து மூடிக்கொண்டிருந்தன. எனக்கு ரத்தம் கொதித்தது.

“இங்க பாரு! என் மெஷின்ல ஒண்ணைக் காணோம்!”

“அடடா. என்ன காணோம்?”

“அது… ஒரு சாமான்.”

“சொன்னாத்தானே தேடித் தர முடியும்?” திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வயசாயிடுச்சுங்க. மெஷினைச் சொன்னேன்.”

ஆல்பம் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்காக நான் அடங்கிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் ஸ்டுடியோவுக்குப் போகத்தான் போகிறாள். அன்றைக்கு அந்தக் கார்டு என் அறைக்கு வந்தே தீரும். இந்த வீட்டில் எனக்கு யாரிடமும் பயமில்லை.

ஸ்க்ரூட்ரைவரைத்தான் காணோம். அது எங்கே இருக்கிறதென்று காட்ட லினக்ஸில் கமாண்ட் இல்லை.