டியூட்டி அக்கா வரைந்த அம்மன்

முப்பத்து முக்கோடி தேவர்களையும் வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே மனுஷி எங்கள் டியூட்டி அக்காதான். அந்த வேலையில் சேர்ந்த எந்தச் சாமிக்கும் லீவு கிடையாது.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் சில வருடங்கள் இருந்தேன். ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசை எனக்குப் பிழைப்பு. அக்கா அந்த விடுதியின் வார்டன். சொந்தப் பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் வேலையைப் பார்ப்பார்.

மற்ற விடுதிகளில் 'விளக்கை அணைக்கவும்' என்று எழுதி ஒட்டுவார்கள். எங்கள் ஸ்விட்ச் போர்டுக்கு மேல் சூரிய பகவான் ஏழு குதிரைகளோடு நின்று முறைப்பார். "பகல்ல லைட்டு எரிஞ்சா அவருக்குத்தான் அவமானம். அணைச்சிட்டு போ" என்பார் அக்கா. சோற்று அண்டாவுக்கு மேல் அன்னபூரணி. தட்டில் மிச்சம் வைப்பவளை மட்டும் பார்ப்பது போல அவளுக்கு ஓரக்கண். எல்லாம் அக்காவே வரைந்தது. யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை என்பது பார்த்தாலே தெரியும். முருகனின் மயில் கோழி மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அக்கா அசரவில்லை. "மழை வரல. தோகைய மடிச்சி வெச்சிருக்குது."

ஒரே ஒரு நியமனம்தான் தவறிப்போனது. ஃபிரிட்ஜிலிருந்து தயிர் காணாமல் போகிறது என்று கதவில் கிருஷ்ணரை வரைந்தார். தயிர் முன்னைவிட ஜாஸ்தியாகக் காணாமல் போனது. அக்கா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று யோசித்தார். "தப்பு என்னுதுதான். திருடனையே காவலுக்கு வெச்சிட்டேன்." கிருஷ்ணருக்கு வரவேற்பறைக்கு மாற்றல் ஆனது. ஃபிரிட்ஜுக்கு நாயோடு பைரவர் வந்தார். தயிர் தங்கியது.

இதெல்லாம் சின்ன நிர்வாகம். பெரிய சோதனை காம்பவுண்டுச் சுவர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் வரும் ஆண்களில் பாதிப்பேர் ஒதுங்குவதற்கு எங்கள் சுவரை எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். மறுநாள் ஜன்னலைத் திறக்க முடியாது. விடுதி ஓனர் எல்லோரும் செய்வதைச் செய்தார். சாமி படம் போட்ட டைல்ஸ்களை வரிசையாகச் சுவரில் பதித்தார். அடுத்த பௌர்ணமிக்கு வந்தவர்கள், "முருகா, மன்னிச்சிடுப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு டைல்ஸுக்கு நடுவில் காரியத்தை முடித்தார்கள்.

அந்த வாரம் இரண்டு பெண்கள் பெட்டியைக் கட்டினார்கள். ஓனர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"பொண்ணுங்க இருக்கறதாலதான் இவ்ளோ கம்ப்ளைண்ட்டு. வர்ற பௌர்ணமியும் இப்டியே இருந்தா ஆம்பளைங்க லாட்ஜா மாத்திடறேன். நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

எங்களுக்கு அந்த ஊரில், அந்த வாடகைக்கு, பயமில்லாமல் தூங்க இன்னொரு இடம் கிடையாது. அக்காவுக்கோ விடுதியை விட்டால் வீடே கிடையாது.

அக்கா உளியை எடுத்துக்கொண்டு போனார். டைல்ஸை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்து உள்ளே கொண்டுவந்து வைத்தார். "சாமிய கொண்டுபோய் நாத்தத்துல நிக்க வெச்சா, அதுவும் மூக்க மூடிக்கினு கண்ணையும் மூடிக்கும்" என்றார்.

பிறகு ஏணி போட்டு, தன்னைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் ஓர் அம்மனை வரைய ஆரம்பித்தார். நான்கு கைகள். ஒன்றில் சூலம், ஒன்றில் துடைப்பம், ஒன்று அபயம். நான்காவது கை மட்டும் நீண்டுகொண்டே போனது. சுவரின் கோடி வரை போய், ஒற்றை விரலை நீட்டி நின்றது. அந்த விரல் காட்டிய பக்கம், டீக்கடைக்குப் பின்னால், வெளியூர்க்காரர் யாருக்கும் தெரியாத பொதுக் கழிப்பறை இருந்தது. கீழே எழுதினார்: 'அங்க போய்ட்டு வாப்பா. அப்புறம் அருள் தரேன்.'

ஓனர் தலையில் கை வைத்தார். "அம்மா, அம்மன் கை இதுக்கா வழி காட்டறது? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"வழி காட்டாத கை சாமிக்கு எதுக்குங்க?" என்றார் அக்கா. "பயமுறுத்துனா மட்டும் போதுமா? எங்க போவணும்னு சொல்ல வேணாவா?"

பௌர்ணமி அன்று சாயங்காலம் எல்லோரும் மொட்டை மாடியில் குனிந்து நின்றோம். முதல் ஆள் வேட்டியைத் தூக்கியபடி வந்தார். நிமிர்ந்தார். அம்மனின் கண்ணைப் பார்த்தார். கையோடு பார்வை கோடி வரைக்கும் போனது. வேட்டியை இறக்கிவிட்டு, "சரிம்மா" என்று வாய்விட்டுச் சொல்லி அந்தப் பக்கம் நடந்தார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு கூட்டம் கூட்டமாக அம்மனைக் கும்பிட்டு விரல் காட்டிய திசையில் போனார்கள். மாடியில் நாங்கள் விசிலடித்தது ஓனர் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்போதுதான் ஓர் அம்மா, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாமல் நடந்து வந்தார். படத்தைப் பார்த்ததும் ஓட்டமாக ஓடினார். திரும்பி வந்து சுவர் முன்னால் கற்பூரம் ஏற்றினார். "கீழ்பென்னாத்தூர்ல வேன் ஏறுனதுலேர்ந்து அடக்கிக்கினு வரேன், தாயி. ஆம்பளைங்க எங்கயும் நிப்பாங்க. எனக்கு யாரு வழி சொன்னா? நீதான் சொன்ன."

விசில் நின்றது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எங்கள் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஓனரே மாலை வாங்கி வந்து ஏணியில் ஏறிப் போட்டார். லாட்ஜ் பேச்சு அதோடு ஒழிந்தது. பெட்டி கட்டிய இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

வெயிலில் நின்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அகன்ற மூக்கு, லேசாகத் துருத்திய பல், தூக்கிய ஒற்றைப் புருவம்.

"அக்கா, அம்மன் உங்கள மாதிரியே இருக்குது."

"அவசரத்துல வேற மொகத்துக்கு எங்க போறது? கண்ணாடிதான் கைல இருந்துச்சு."

விடுதியை விட்டு வந்து, கல்யாணமாகி, எத்தனையோ கோயில்களில் எத்தனையோ அழகான அம்மன்களைப் பார்த்துவிட்டேன். கண்ணை மூடிக் கும்பிடும்போது மட்டும் அந்தத் துருத்திய பல்தான் வந்து நிற்கிறது. நான் மாற்றிக்கொள்ளவில்லை.